ஈரச் சாக்கு

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் நான் எழுதுவதே இல்லை என்று உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள் என்றால் ஒரு பூ போடுவேன். துக்கம் என்றால் கும்பிடு போடுவேன். வகுப்பிலும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாவது பெஞ்சு, சுவர் ஓரம். வருகைப் பதிவின்போது நான் சொன்ன "உள்ளேன்" கேட்காமல் எனக்கு ஆப்சென்ட் விழுந்த நாட்கள் உண்டு. உங்களில் பாதிப் பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே ஞாபகம் இருக்காது.

போன வாரம் நம்மில் ஒருவர் ஒரு நாயின் படத்தைப் போட்டிருந்தார். அண்ணா நகரில் யாரோ வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும்போது மொட்டை மாடியில் கட்டிப்போட்டு விட்டுப்போன புல்டாக். எதிர்வீட்டுக்காரர் அவிழ்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார், அதற்கு ஒரு நல்ல வீடு வேண்டும் என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "இது யாரோட மாமனார்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் சிரித்தேன். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்த நாயை எடுக்கப் போகிறவருக்கு நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் சமயம் அது. செல்லூரில் எங்கள் வீடு ஒரு தறிக்கூடத்தின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை அறை. அங்கே பன்னிரண்டு விசைத்தறிகள். அப்பா மேஸ்திரி. நின்றுபோன தறியை ஓடவைப்பது அவர் வேலை. தறிகள் ஓடும்போது எங்கள் வீட்டில் சொம்புத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும். அலமாரித் தட்டுகள் தாமாகவே நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். அம்மா நாளுக்கு இரண்டு தடவை அவற்றை உள்ளே தள்ளி வைப்பாள்.

அந்தச் சத்தத்தில் தெருவில் எல்லோருக்கும் பேச்சே கூச்சல்தான். தறிக்கூடத்துக்கு உள்ளே கூச்சலும் பயன்படாது. அங்கே வேலை பார்ப்பவர்கள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார்கள். இந்தக் கோடியில் ஒருவர் வாயசைத்தால் அந்தக் கோடியில் இருப்பவர் சிரிப்பார். அப்பா அதில் கெட்டிக்காரர். ஒரு நாள் அம்மா வீட்டு வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எட்டாவது தறிக்குப் பக்கத்தில் இருந்து அப்பா எண்ணெய்க் கையோடு வந்து, "யாரு, நான் வெளங்காதவனா?" என்று கேட்டார். அம்மா அன்று முழுக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டே பேசினாள்.

பங்குனி மாதம் ஒரு பகல். உதிரிச் சாமான் வாங்கப் போன அப்பா, சைக்கிள் கேரியரில் எதையோ தன் லுங்கியில் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். டவுசரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்ததால் தெருவே சிரித்தது.

"ஏங்க, பன்னிக்குட்டியையா தூக்கிட்டு வந்திருக்கீக?" என்றாள் அம்மா.

"நாய்தாண்டி. கண்மாய்க் கரையில கருவேல மரத்துல கம்பி போட்டுக் கட்டிட்டுப் போயிட்டாய்ங்க. கழுத்து அறுந்து கெடக்கு பாரு."

இறக்கிவிட்டார். வெள்ளையில் ஒரு பக்கம் மட்டும் செம்மண் நிறத் திட்டு. முகத்தில் மடிப்பு மடிப்பாகத் தோல். கீழ்த்தாடை முன்னால் துருத்தி, இரண்டு பற்கள் வெளியே தெரிந்தன. மடிப்புகளுக்குள் புண். கம்பியை முறுக்கி எடுத்ததில் அப்பாவின் கட்டைவிரலும் கிழிந்திருந்தது. அம்மா திட்டிக்கொண்டே இரண்டு பேருக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுவிட்டாள்.

அது விட்ட குறட்டையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். தறிக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "மேஸ்திரி அண்ணே, நம்மகிட்ட பன்னெண்டு தறிதான? பதிமூணாவது ஒண்ணு ஓடுதே" என்றார். அவருடைய ஊர் உசிலம்பட்டிப் பக்கம். அப்பா அவரை மாப்ள என்று கூப்பிடுவார். இந்தக் கதையில் பின்னாலும் அவர் வருவார்.

அதற்குப் பேர் வைக்கவில்லை. யார் எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது திரும்பிப் பார்க்காது. வாளியின் காதுக் கம்பி சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வரும். தண்ணீர் என்றால் அதற்கு உயிர். சாக்கடை ஓரம் நிழல் விழும் மூலையில் ஒரு சணல் சாக்கை விரித்துத் தண்ணீர் ஊற்றி வைப்பேன். அதன் மேல் தவளை மாதிரி நான்கு கால்களையும் பரப்பி, வயிறு ஒட்டப் படுத்துக்கொள்ளும். சாக்கு காயக் காய நான் மறுபடி ஊற்ற வேண்டும். அது எங்களோடு இருந்த வரை எனக்கு அதுதான் வேலை.

படுக்கும்போது தலையைத் தரையில் வைத்தால் அதற்கு மூச்சு அடைத்துக்கொள்ளும். திடுக்கென்று எழுந்து உட்காரும். மறுபடி படுக்கும், மறுபடி எழும். இதை வீட்டில் நான் மட்டும்தான் கவனித்திருந்தேன். தெருவில் கிடந்த அரைச் செங்கல் ஒன்றைக் கழுவிக் கொண்டுவந்து அதன் தாடைக்கு அடியில் வைத்தேன். அன்று சாயங்காலம் வரை அது எழவே இல்லை. செத்துவிட்டதோ என்று அம்மா வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

தெருமுனை வரைக்கும்கூட அதனால் நடக்க முடியாது. நாலாவது வீடு வந்ததும் உட்கார்ந்துவிடும். நாக்கு ஊதா நிறமாகிவிடும். அது எழுகிற வரை நானும் பக்கத்தில் நிற்பேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் அதையேதான் பார்ப்பார்கள். என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அதற்காகவே எனக்கு அதோடு வெளியே போகப் பிடித்திருந்தது. தெருவில் கூச்சமில்லாமல் நான் நின்ற நாட்கள் அவைதான்.

தறி முதலாளி கெட்டவர் இல்லை. முதலில் அவரும் சிரித்தார். ஆனால் அதற்கு வாயில் எந்நேரமும் எச்சில் ஒழுகும். தலையை உதறினால் நாலு பக்கமும் தெறிக்கும். கூடத்தில் அடுக்கி வைத்திருந்த வெள்ளைத் துண்டுகளில் அது பட்டு, காய்ந்து, மஞ்சளாகத் திட்டு விழுந்துவிட்டது. ஒரு கட்டு துண்டு கடையிலிருந்து திரும்பி வந்தது.

"மேஸ்திரி, சித்திரைத் திருவிழாவுக்கு என் சம்மந்தி வீட்டு ஆளுக வாராக. அதுக்கு முன்னாடி எங்கிட்டாவது ஒரு எடம் பாத்துருங்க. தெருவுல விடச் சொல்லல. நல்ல எடமாவே பாருங்க" என்றார்.

தெருவில் விட்டால் அது ஒரு நாள்கூடத் தாங்காது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் இருந்தது.

அப்பா முதலில் கேட்டது பாலத்துக்கு அந்தப் பக்கம் சர்பத் கடை வைத்திருந்த பாயிடம். நாயோடு எங்களைக் கண்டதும் அவர் ஐஸ் கட்டியை உடைத்து ஒரு தகரத்தில் போட்டு வைத்தார். அது கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

"தொழுவுற வீடு தம்பி, உள்ள வச்சுக்க முடியாது. அல்லா படைச்ச உசுருதான், வேணாம்னு சொல்லல. கடைக்கு முன்னாடி கட்டலாம்னா, வெயிலு இங்க கொல்லுது. நீங்க எம்புட்டு நாள் வச்சிருக்கீகளோ, அம்புட்டு நாளும் பாப்பாவ அனுப்புங்க. ஐஸு நான் தாரேன்."

தினமும் தூக்குவாளியோடு போனேன். பாலத்தைத் தாண்டி வீடு வருவதற்குள் பாதி கரைந்திருக்கும். மீதியை அது தின்னும்.

அடுத்து எங்கள் மிஷன் பள்ளி டீச்சர். பெயர் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும், ஹார்மோனியம் வாசிப்பாரே, அவர்தான். அவர்தான் அதைப் பார்த்ததும், "இது புல்டாக். குளிர் தேசத்து நாய். இதுக்கு மூக்கு உள்ள அமுங்கி இருக்கு, மூச்சு சரியாப் போகாது. வெயில்ல வைக்கவே கூடாது" என்று அப்பாவிடம் சொன்னார். தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகக் கூட்டிப் போனார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மரங்கள் நிறைந்த காம்பவுண்டு அது.

மூன்றாம் நாள் டீச்சரே ரிக்‌ஷாவில் கொண்டுவந்து விட்டார். காம்பவுண்டில் மாசமாக இருந்த ஒரு பெண் காலையில் கதவைத் திறந்ததும் அதன் முகத்தில் விழித்திருக்கிறாள். பிள்ளை இந்த முகத்தோடு பிறந்துவிடும் என்று அவள் மாமியார் ஊரைக் கூட்டிவிட்டார்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றார் டீச்சர். நாயின் தலையில் கை வைத்து ஜெபம் செய்துவிட்டுப் போனார். அது அவர் கையை நக்கியது.

ஒரு வாரம்தான் மிச்சம் இருந்தபோது மாப்ள ஒரு செய்தி கொண்டுவந்தார். அவருடைய பெரியப்பா முறை ஒருவர், ஆட்டுக் கிடை போடுபவர். காடுகாடாக ஆடுகளை ஓட்டிப் போய், அறுவடை முடிந்த நிலங்களில் ராத்திரிக்கு அடைத்து வைப்பார்கள் இல்லையா, அந்தத் தொழில். பேரையூர்ப் பக்கம் கிடை கிடக்கிறது, ஆடு களவு போகிறது, காவலுக்கு நாய் தேடுகிறார் என்றார்.

கிடைக்காரர் மறுநாளே வந்துவிட்டார். கறுத்த, ஒல்லியான மனிதர். நாய்க்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஏயப்பா. இம்புட்டு வாயி எந்த நாய்க்கு இருக்கு? ஒரு கவ்வு கவ்வுனா களவாணிப்பய காலு மிச்சம் இருக்காது. இது கடிக்கக்கூட வேணாம் மேஸ்திரி. மூஞ்சியக் காட்டுனாப் போதும்."

"நடக்காதுண்ணே அது" என்றார் அப்பா.

"நம்ம காட்டுல வந்து நாலு நாள் காத்து பட்டா தானா நடக்கும். இங்க சாக்கடையில படுக்கப் போட்டா எது நடக்கும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கிடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குத் தெரிந்த நாய்கள் எல்லாம் வெயிலில் முயலை விரட்டுகிற நாய்கள். அப்பாவும் தலையாட்டினார். ஒருவர் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போவதைவிட நல்ல இடம் எது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அந்த முகம் எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. அது ஒரு பூனையைப் பார்த்தால்கூட என் பாவாடைக்குப் பின்னால் வந்து நிற்கும்.

மறுநாள் பகல். பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கத்தில் பூனையோ நாயோ வேறு வீட்டுக்குப் போனால் சாக்கில் போட்டுத்தான் கொண்டுபோவார்கள். வழியைப் பார்த்துவிட்டால் மோப்பம் பிடித்துத் திரும்பி வந்துவிடுமாம். தெருமுனை வரை நடக்கத் தெரியாத நாய் பேரையூரிலிருந்து எப்படித் திரும்பி வரும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அதுதான் முறை, அவ்வளவுதான்.

சாக்கு தேடினார்கள். என் சாக்கைத்தான் எடுத்தார்கள். அது தினமும் படுக்கிற சாக்கு என்பதால் தானாகவே உள்ளே போய்ப் படுத்தது. அப்பா சாக்கின் வாயைக் கட்டினார். முதலாளி நின்றுகொண்டிருந்தார். மாப்ளயும் கிடைக்காரரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவோரம் நின்றேன்.

"சாக்குல போட்டா மூச்சு முட்டும்ப்பா" என்று சொன்னேன்.

என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அப்பா ஒரு தடவை நிமிர்ந்தார். பிறகு குனிந்து முடிச்சை இறுக்கினார். நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. அத்தனை ஆண்கள் நிற்கும்போது கிட்டப் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கக் கூச்சமாக இருந்தது. அப்பா உள்ளே போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து சாக்கு முழுக்க நனைய ஊற்றினார். உள்ளே இருந்து அது ஒரு தடவை தும்மியது. தூக்கிக்கொண்டு போனார்கள். அரைச் செங்கல் அங்கேயே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்த மாப்ள சாக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். துவைத்து, காயவைத்து, நாலாக மடித்திருந்தது. அப்பாவும் அவரும் தறிக்கூடத்து வாசலில் நின்று வாயை அசைத்தார்கள். அவர்கள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா வந்து, "கிடையில ராசா மாதிரி இருக்காம் தாயி. ஆட்டுப்பாலு குடிக்குதாம்" என்றார்.

நான் நம்பினேன். பாயிடம் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் எனக்கு ஒரு சர்பத் கொடுத்தார். அந்தச் சாக்கை அப்பா தறிக்கூடத்து உத்தரத்தில் செருகி வைத்தார். நல்ல சாக்கு. அம்மா கரி வாங்கக் கேட்டும் அவர் எடுத்துத் தரவில்லை.

ஒவ்வொரு தடவை மாப்ள ஊருக்குப் போய் வரும்போதும் நான் கேட்பேன். அப்பா ஏதாவது சொல்வார். களவாணியைத் துரத்தியதாம். ஆட்டுக்குட்டி அதன் மேல் ஏறித் தூங்குகிறதாம். இரண்டு வருஷம் கழித்து மாப்ளயின் கல்யாணத்துக்கு உசிலம்பட்டி போனோம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் கிடைக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"எந்த நாயி? அந்த மூஞ்சி அமுங்குனதா? அது வந்து சேரவே இல்லயே தாயி. செக்கானூரணி தாண்டுறதுக்குள்ள பஸ்ஸுலயே போயிருச்சுன்னாரு. ஈரச் சாக்கு மூஞ்சியோட ஒட்டிக்கிருச்சாம். எங்க வீட்டுக்காரரு ரெண்டு நாள் கஞ்சி குடிக்கல."

இலையில் பாயசம் ஊற்றினார்கள். குடித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "நாய் நல்லாருக்காப்பா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு தாயி. கிடை ரொம்பத் தூரத்துல கெடக்காம். அதான் கூட்டிட்டுப் போய்க் காட்ட முடியல."

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை. நான் ஏன் கேட்பதை நிறுத்தினேன் என்று அவரும் கேட்கவில்லை.

என் குரல் யாருக்கும் எட்டாது என்று அந்த வயதில் எனக்குள் முடிவாகிவிட்டது. பத்தாவதுக்கு மேல் படிக்கவைக்கச் சொல்லி நான் கேட்காததற்கும், வேறு சிலதற்கும் அதுதான் காரணம் என்று பிறகு நினைத்ததுண்டு. எல்லாப் பழியையும் ஒரு நாயின் மேல் போடவும் கூடாது.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. கடைசி ஒரு வருஷம் என்னோடுதான் இருந்தார். தறிச் சத்தத்தில் காது முழுவதும் போயிருந்தது. பஞ்சுத் தூசியில் நெஞ்சும் போயிருந்தது. படுத்தால் மூச்சு வாங்கும். திடுக்கென்று எழுந்து உட்காருவார். ஒரு நாள் மத்தியானம் இரண்டு தலையணைக்குக் கீழே இன்னொன்றைச் செருகி அவர் தலையை உயர்த்தி வைத்தேன்.

"அரைச் செங்கல் இல்லயா?" என்றார்.

சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அன்னைக்கு நீ சொன்னது எனக்குத் தெரிஞ்சுச்சு தாயி."

"எதுப்பா?"

"மூச்சு முட்டும்ப்பான்னு சொன்ன. கதவோரம் நின்னு. நான் நிமிந்து ஒன் வாயத்தான் பாத்தேன். மொதலாளி நிக்கிறாரு, நாலு பேரு நிக்கிறாக. சின்னப் புள்ள சொல்லுதுன்னு அவுத்துவிட்டா என்னன்னு நெனப்பாகன்னு இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "அதான் தண்ணிய ஊத்துனேன். நீ ஊத்துவேல்ல, அது மாதிரி. நனைஞ்ச சாக்கு காத்த அடைக்கும்னு எனக்குத் தோணல. தண்ணி ஊத்தாம விட்டிருந்தாக்கூட உசுரோட போயிருக்கும்."

என் பேச்சு ஒருவர் காதிலும் விழவில்லை என்று முப்பது வருஷத்துக்கு மேல் நினைத்திருக்கிறேன். விழுந்திருக்கிறது. அந்த ஒரு குடம் தண்ணீர்தான் எனக்கு அவர் சொன்ன பதில்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னேன்.

"நான் ஒண்ணும் சொல்லலயேப்பா. கொட்டாவி விட்டிருப்பேன். அது கிடையில ராசா மாதிரில்ல இருந்துச்சு. நீங்கதான சொன்னீக."

ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆமா. ஆட்டுப்பாலு குடிச்சுச்சு" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரா என்று எனக்குத் தெரியாது.

அண்ணா நகர் நாயை உங்களில் யார் எடுத்தாலும் சரி. வெயில் ஏறுவதற்கு முன்னால் போய் எடுத்துவிடுங்கள். முகத்தை எதைக் கொண்டும் மூடாதீர்கள். ஈரத்துணி போடுவதானால் தரையில் விரியுங்கள், மேலே போர்த்தாதீர்கள். படுக்கும்போது தாடைக்கு அடியில் ஏதாவது உயரமாக வையுங்கள். விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம், அரைச் செங்கல் போதும்.